நீங்கிய நாள் இல்லாத விண்ணப்பம்

வெள்ளைக்காரர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட 1957ஆம் ஆண்டு அது. அந்தத் தளத்தில் கப்பல் கட்டும் மிதவைகளின் சங்கிலிகளைப் பழுதுபார்த்து வந்த முத்தலிப், அதே வேலையைப் புதிய துறைமுக அலுவலகத்திற் கேட்பதற்காகக் கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்து, நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுப் பொறியுடன் அமர்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் யோகலிங்கத்தின் முன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலை கிடையாவிட்டால், ஏளனம் பேசும் மச்சானுடைய தோணியிற் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் இரண்டு வரி தட்டிய யோகலிங்கம் கையை நிறுத்தினார்.

“முத்தலிப் நானா, ‘ஐ வேர்க்ட்’ எண்டு போடவோ, ‘ஐ ஹாவ் வேர்க்ட்’ எண்டு போடவோ?”

“ரெண்டும் ஒண்டுதானே, ஐயா?”

“இல்லை. முதலாவது முடிஞ்ச கதை. ரெண்டாவது, நாற்பத்தாறிலயிருந்து இண்டைக்கு வரைக்கும் செய்து வாறன் எண்டது. நீங்கின தேதியைப் போட்டால் ரெண்டாவது ஏலாது.”

முத்தலிப்புக்கு வியப்பாயிருந்தது. அந்த ‘ஹாவ்’ வெள்ளைக்காரர் தொண்டையைச் செருமும் ஓசை என்றே பதினொரு வருடமாக எண்ணியிருந்தார்.

“அப்ப அந்தச் சின்னச் சொல்லு கதவைத் திறந்து வைக்குதாக்கும்.”

“ஓம். ஆனால் பொய்க்குத் திறக்கக்கூடாது. செப்டெம்பர் முப்பதோட எல்லாரையும் நிப்பாட்டினவங்கள்தானே?”

முத்தலிப் யோசித்தார். தளத்துத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. வேலையை விட்டுப் போகிறவன் அதை வாயிலில் ஒப்படைக்க வேண்டும்; ஒப்படைக்கும்வரை அவன் நீங்கியவனல்லன் என்பது அங்கிருந்த வழக்கம். கடைசி நாளன்று அவர் வெளித்துறைமுகத்து மிதவையில் வேலையாய் நின்றார். திரும்பி வந்தபோது வாயிலறை பூட்டிக் கிடந்தது. மடியிலிருந்து வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு.

“மூண்டு நாள் போய் நிண்டனான். வாங்க ஆளில்லை.”

யோகலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இதை எழுதினால், அரசாங்கச் சாமானை வைச்சிருக்கிறான் எண்டு பிடிச்சாலும் பிடிப்பாங்கள். பேசாமல் முதலாவதைப் போட்டு, மற்றவங்களோட வரிசையில நில்லுங்கோ.”

“வரிசையில நூற்றெண்பது பேர், ஐயா. ரெண்டாவதைப் போடுங்கோ. வில்லை என்னட்டை இருக்கெண்டும் எழுதுங்கோ. ஒளிச்சால்தான் களவு.”

இரண்டு கிழமைக்குப் பின் துறைமுக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அலுவலர் வில்லையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தளத்தின் பழைய பதிவேட்டைத் திறந்தார். மேலும் கீழும் எல்லாப் பெயர்களுக்கு எதிரேயும் நீங்கிய நாள் சிவப்பு மையில் இருந்தது. முத்தலிப்பின் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அலுவலர் பேனாவைத் திறந்தார்.

“இந்த வில்லையை வித்திருந்தால் ரெண்டு தேத்தண்ணியாவது குடிச்சிருக்கலாமே, முத்தலிப் காக்கா?”

“வித்தால், நானே வேலையை விட்டதாகப் போயிடும், ஐயா.”

அலுவலர் அந்த வெறுங்கட்டத்தில் எதையும் எழுதவில்லை. பேனாவை மூடி, வில்லையை முத்தலிப்பின் பக்கம் தள்ளினார்.

“திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாங்கோ. தோணி பிந்திப்போச்செண்டு கதை சொல்ல ஏலாது.”