பெட்டையின் வயிற்றில் ஒன்பது முட்கள்

மாமனாரின் டிராயரிலிருந்து எடுத்த அந்துப்பூச்சியின் வயிற்றை மருமகள் சாமணத்தால் பிடித்து ஒரே உலுக்கில் ஒடித்தாள். நாற்பத்தொரு வருடம் ஊசியில் காய்ந்து கிடந்த பூச்சி. ஒடிந்த சத்தம்கூட வரவில்லை. கீழே சீட்டில் மாமனாரின் கையெழுத்து. அந்த இனத்துக்குப் பெயர் வைத்து உலகத்துக்கு முதலில் சொன்னவர் அவர்தான். பெயர் வைக்கும்போது அவர் கையில் வைத்திருந்த பூச்சியும் இதுதான்.

இருவருக்கும் ஒரே அருங்காட்சியகம், ஒரே பூச்சிப் பிரிவு. அவர் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் சாவியைத் திருப்பித் தரவில்லை. கேட்க யாருக்கும் துணிச்சலும் இல்லை. கோபம் அவருக்கு மூக்கு நுனியில். "பூச்சின்னா பொறுமை, மனுஷன்னா எருமை" என்று வாசல் காவலாளி சொல்லிச் சிரிப்பார். அவள் கணவனுக்கு அந்தச் சிரிப்பு வராது. பன்னிரண்டு வயதில் டிராயரைச் சரியாக மூடாமல் விட்டதற்காக பூச்சி பிடிக்கும் வலைக் கம்பால் வாங்கிய அடியில் அவனுக்கு இடது காது போனது. வளர்ந்தபின் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டான். பூச்சிக்கும் அவனுக்கும் உள்ள உறவு கொசுவத்தியோடு சரி.

தகராறு தொடங்கியது, ஒரு சரக்குக் கிடங்கின் விளக்கடியில் பிடித்த பூச்சிகள் வந்தபோது. மேலுக்குப் பார்த்தால் மாமனாரின் பூச்சியேதான்: சருகு நிறம், முன் இறக்கையில் வெளுத்த இரண்டு கோடு. ஆனால் ஆண் பூச்சி ஒன்றின் வயிற்றைக் காரநீரில் கொதிக்கவைத்துச் சதையைக் கரைத்துப் பார்த்தபோது, இணை சேரும் உறுப்பின் நுனியில் கற்றையாக முட்கள் இருந்தன. வேர் பிடிக்காத முட்கள். ஊசி பட்டதும் கழன்றன. சந்தேகத்தில் பெட்டை ஒன்றையும் திறந்தாள். ஆணின் விந்தை வாங்கி வைக்கும் அதன் விந்துப்பையின் சுவரில் குத்தி நின்றன ஒன்பது முட்கள். இணை சேரும்போது ஆண் தன் முட்களை உள்ளேயே முறித்து விட்டுப் போகிறது; பெட்டை சாகும்வரை சுமக்கிறது. அவள் முட்களை மறுபடி ஒருமுறை எண்ணினாள்.

மாமனாரின் டிராயரிலும் இரண்டு இனமும் கலந்து கிடக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. பழைய பெயர் எதற்குச் சொந்தம் என்று தெரிய, அவர் பெயர் வைத்த அந்த முதல் பூச்சியைத்தான் திறக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் பயந்து பயந்து கேட்டாள்.

"இறக்கையப் பாத்துச் சொல்லத் தெரியணும். வயித்தக் கிழிச்சுப் பாக்கிறது கசாப்புக் கடை வேலை" என்றார் அவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவரிடம் யாரும் நாலாவது காலைக் காட்டி ஜெயித்ததில்லை. அவள் பிரிவுத் தலைவியிடம் போய் எழுத்தில் அனுமதி வாங்கினாள்.

முதல் பூச்சியின் வயிற்றை ஒடித்த அன்றே மதியத்துக்குள் அதன் ஆண் உறுப்பு கண்ணாடித் தகட்டில் ஏறிவிட்டது. முள் கற்றை இல்லை. தடித்த ஒற்றைக் கொக்கி, வேரோடு உறுதியாக. ஆக, பழைய பெயர் மாமனாரின் பூச்சிக்கே நிற்கும்; கிடங்குப் பூச்சிதான் புதிய இனம். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. படம் எடுத்து முடித்து, அதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தாள். அடுத்த வயிறுகளுக்காகக் காரநீர் குடுவை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பூச்சியைத் திரும்ப வைக்க டிராயரை இழுத்தாள். அப்போது அவர் உள்ளே வந்தார்.

ஊசியில் வயிறில்லாமல் நின்ற பூச்சியை அவர் பார்த்தார். அவள் "மாமா, இது நல்ல சேதிதான்" என்று தொடங்குவதற்குள் இரண்டு கையாலும் டிராயரை அறைந்து மூடினார். அவளுடைய வலது கை உள்ளே இருந்தது. இரண்டு விரல் முறிந்த சத்தத்தை இருவருமே கேட்டார்கள். அவர் டிராயரை விடவில்லை; இடுப்பால் முட்டி அழுத்திக்கொண்டே நின்றார். அவள் அவர் முழங்காலில் உதைத்துக் கையைப் பிடுங்கினாள். உரிந்த தோல், டிராயர் விளிம்பிலேயே தங்கிவிட்டது.

அவர் மேஜைக்குத் திரும்பி, தகட்டை எடுத்துத் தரையில் போட்டுச் செருப்புக் குதிகாலால் அரைத்தார். தன் இனத்துக்குச் சாட்சியாக இருந்த ஒரே உறுப்பை அரைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு பெட்டையின் உறுப்பு இருந்த சிறு புட்டிக்குக் கையை நீட்டினார். அவள் குறுக்கே விழுந்தாள். அவர் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியை மேஜை விளிம்பில் மோதினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவதற்கு இழுத்தபோது அவளுடைய இடது கைக்குக் குடுவை கிடைத்தது. அதில் என்ன இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் முகத்தில் ஊற்றினாள்.

அவர் கத்தியதில் காவலாளி ஓடி வந்தார். அதற்குள் அவள் மாமனாரின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போயிருந்தாள். அவர் குருட்டாம்போக்கில் குத்தினார். ஒரு குத்து அவள் உதட்டைக் கிழித்தது. அவள் விடவில்லை. விரல் முறிந்த கையின் முழங்கையால் அவர் பிடரியை அமுக்கி, மற்ற கையால் இமையை விரித்து, ஓடும் தண்ணீரில் கண்ணைப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை, இருபது நிமிடம்.

இடது கண் பிழைத்தது. வலது கண் வேகவைத்த முட்டை போல வெளுத்துவிட்டது.

போலீஸிடம் அவர், தன் கை பட்டுத்தான் குடுவை கவிழ்ந்தது என்றார். மருமகள் மேல் இரக்கம் ஒன்றுமில்லை. வழக்கு என்று வந்தால் விரல் முறிந்த கதையும் வரும். அவள் டாக்டரிடமும் போலீஸிடமும் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். இரண்டு பேரும் புகார் எழுதித் தராததால், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று போலீஸ்காரர்கள் போய்விட்டார்கள்.

கணவன் மருத்துவமனை நடைவழியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"தெரிஞ்சேதான் ஊத்தினியா?"

"தெரிஞ்சேதான்."

அவன் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்து அழுதான். அப்பாவுக்காகவா, அவளுக்காகவா, தனக்காகவா என்று அவள் கேட்கவில்லை. நான்காம் நாள் தங்கள் இருவருக்குமாக வேறு வீடு பார்த்துவிட்டதாகச் சொல்லிப் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினான்.

அருங்காட்சியகம் அவளை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. மாமனாரிடமிருந்து சாவியைப் பிடுங்கியது. அவள் வீட்டில் உட்கார்ந்து புதிய இனத்தைப் பற்றிய கட்டுரையை இடது கையால் எழுதினாள். "பழைய இனத்தில் ஒற்றைக் கொக்கி, இதில் உதிரும் முட்களின் கற்றை. உதிர்ந்தவை பெட்டையின் விந்துப்பைச் சுவரில் ஒன்பது." அந்த வரியை எழுதும்போதெல்லாம் தையல் போட்ட நெற்றி விண்விண் என்று தெறித்தது. புதிய இனத்துக்கு மாமனார் பெயரை வைத்தால் சமாதானமாகப் போகுமே என்று பிரிவுத் தலைவி நயமாகச் சொல்லிப் பார்த்தார். முடியாது என்றாள். முள்ளை வைத்தே பெயர் வைத்தாள்.

இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை அறிந்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை என்பதால், ஆய்விதழிலிருந்து கட்டுரை கருத்துக்காக மாமனாருக்கே போனது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஒற்றைக் கண்ணால் எழுதியதில் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிப் போயிருந்தன: "ஒரே ஒரு பெட்டையை வைத்து இனம் சொல்வதா? இன்னும் இரண்டைத் திற."

அவள் தாள்களைச் சுவரில் எறிந்தாள். நாற்காலியை உதைத்தாள். கேள்வி சரியானது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வேலையில் திரும்பச் சேர்ந்த அன்றே இரண்டு பெட்டைகளின் வயிற்றை ஒடித்தாள். மடங்காத விரல்களோடு வலது கை சும்மா கிடந்தது. ஒன்றில் ஏழு முட்கள். மற்றது இணையே சேராதது. பை வழுவழுவென்று காலியாக இருந்தது. இரண்டையும் கட்டுரையில் சேர்த்தாள். நன்றி சொல்லும் பத்தியில் அவர் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். அப்படியே அச்சுக்குப் போனது.

அச்சான பிரதியைக் கணவன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வாங்கிப் படித்தாராம். முட்களின் படத்தை ஒற்றைக் கண்ணருகே பிடித்து எண்ணினாராம். "ஒன்பதும் எண்ணினாரா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.