பாலுவின் சிக்ஸர்

எங்கள் கட்டபெட்டு கிரிக்கெட் கிளப்புக்கு இந்த வருஷத்தோடு நாற்பது வயது. அதற்காகச் சிறப்பு மலர் போடுகிறார்கள். பழைய ஸ்கோர் நோட்டுகள் என் பீரோவில்தான் இருக்கின்றன. பதினாறு வருஷமாக ஸ்கோர் எழுதுகிறவள் நான். கேப்டன் என் கணவர் தினகரன்.

இறந்துபோன பாலுவின் மனைவி ரேகா, தேயிலை பறித்துவிட்டு நேராக வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை.

"அக்கா, அவரு கடைசியா ஆடுன மேட்ச்சோட பக்கம் ஒரு ஜெராக்ஸ் வேணுங்க."

எங்கள் மைதானம் எஸ்டேட் நிலம். எல்லையைத் தாண்டினால் தேயிலைச் சரிவு. பந்து தேடுகிறோம் என்று பத்துப் பேர் செடிகளை மிதித்ததில், முதல் வருஷமே மேனேஜர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அப்போது வந்த சட்டம்: தேயிலைக்குள் அடித்தவன் மட்டும்தான் இறங்கி எடுக்க வேண்டும்.

போன ஐப்பசியில் எங்கள் ஆட்களே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். தினகரன் எண்பத்தெட்டில் இருந்தபோது ஒரு சிக்ஸர் அடித்தார். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அது மறைப்பதற்குள் நூறு எடுத்துவிட வேண்டும் அவருக்கு.

"எனக்கு மூச்சு வாங்குது. நீ ஓடிட்டு வந்துரு பாலு."

எதிர்முனையில் நின்ற பாலு சிரித்தான். "ரன்னு உங்களுக்கு, அட்டைக்கடி எனக்குங்களா?"

இறங்கிப் போனான். பனிக்குள் காட்டெருமை நின்றது அவனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் தினகரன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மகா, அந்த ஆறை பாலு பேர்ல எழுதிரு."

பென்சில் எழுத்துதான், அழித்து மாற்றினேன். பாலுவின் மூன்று ஒன்பதானது. மைதானத்தில் இருந்தவர்களும் ஊரில் அப்படியே சொன்னார்கள். பயத்தில் செய்தேன் என்று பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமில்லை. மாற்றிய பிறகும் மொத்தக் கூட்டல் சரியாக வந்தது. அதில் எனக்கொரு நிம்மதி இருந்தது.

நான் விரித்துக் காட்டிய பக்கத்தில் ரேகா அந்த ஆறின் மேல் விரலை வைத்தாள்.

"பதினோரு வருஷத்துல ஒரு சிக்ஸர் அடிச்சதில்லைங்க. ஊட்டுல பொண்ணுகூட கிண்டல் பண்ணுவா." விரலை எடுக்கவில்லை. "அவருதான் அடிச்சாருன்னு எல்லாரும் சொன்னாங்க, நாந்தான் நம்பலைங்க. அண்ணன்தான் இறங்கச் சொல்லியிருப்பாருன்னு மனசுல திட்டிட்டே கெடந்தேன். அவரே அடிச்சு, அவரேதான் போயிருக்காரு."

சமையலறையில் தினகரன் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அவளிடம் இருக்கும் அந்த ஒரு சிக்ஸரும் போய்விடுமே என்று நினைத்தேன். அவளுக்காக நினைப்பது போலவே இருந்தது. அப்படி இல்லை என்றும் தெரிந்தது.

"பந்து எந்தப் பக்கமுங்க்கா போச்சு?"

"ஃபேக்டரி பக்கம். நல்லா மேல எழும்பி, போயிட்டே இருந்துச்சு."

தினகரன் அடித்த பந்தைத்தான் சொன்னேன்.

"கீழ உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க்கா."

ஸ்கோரர் என்ற இடத்தில் பேனாவால் என் பெயரை எழுதினேன்.