பேணாட்டின் தலைக்கனம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பேணாட்டுக்குக் கடல் என்பது உயரத்தில் இருந்து பார்ப்பதற்கு மட்டுமே. கல்யாணம் கட்டிய காலந்தொட்டு மனைவி ஞானமலர் உப்புவெளியில் கடல் குளிப்பாள். இவர் கரையில் நின்று செருப்புக்குக் காவல் இருப்பார். தண்ணீரில் கல்லாய்த் தாழ்ந்துவிடுவோம் என்று மனுசனுக்கு அப்படியொரு பயம். இந்தமுறை, அவளின் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“என்னோட கடல்ல இறங்குங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாதெண்டு சும்மாவே சொன்னவை?”

“அவ்வளவு இரும்புக் கப்பல் உங்கட கண்ணுக்கு முன்னால மிதக்குது.”

“அதுக்கு எஞ்சின் இருக்கு, மலர்.”

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவளால் இந்தப் பதிலைத் தாங்க முடியவில்லை.

“ஒரு லீற்றர் கடல் தண்ணி ஒரு கிலோவும் இருபத்தைஞ்சு கிராமும். ஒரு லீற்றர் பேணாட் அதைவிடப் பாரமெண்டா நீங்கள் தாழுவீங்கள், குறைவெண்டா மிதப்பீங்கள். அளந்து பாப்பம். தாழுவீங்கள் எண்டு வந்தால் இனி ஒருநாளும் கேக்க மாட்டன்.”

ஜெமீல் நானாவின் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு, தொண்ணூற்றிரண்டு கிலோ என்றது. கிணற்றடியில் கிடந்த, மேற்பாகம் வெட்டிய பழைய தண்ணீர்த் தாங்கியை ஞானமலர் விளிம்புவரை நிரப்பினாள். பேணாட் மெல்ல இறங்கிக் குந்தினார். தண்ணீர் வழிந்து வாழைக்குப் போயிற்று. அவர் வெளியே வந்ததும், அளவு போட்ட வாளியால் தாங்கியைத் திரும்ப நிரப்பினாள். எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் பேணாட்டின் கனவளவு. எண்பத்தெட்டு லீற்றர் பிடித்தது.

வகுத்துப் பார்த்தாள். லீற்றருக்கு ஒரு கிலோ நாற்பத்தைந்து கிராம்.

“நான் சொன்னனானெல்லோ” என்றார் பேணாட். வென்றவருக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் அவருக்கும் மனம் விழுந்துவிட்டது.

வாளியைக் கவிழ்க்கப் போனவள் நின்றாள்.

“குந்தேக்குள்ள உங்கட தலை எங்க இருந்தது?”

“வெளியிலதான். தலையை ஏன் நனைப்பான்?”

“தராசில தலையும் ஏறினது. தண்ணிக்குள்ள தலை போகேல்ல. அதுதான் கணக்குப் பிழைச்சது. தலைக்கனம், வேற ஒண்டுமில்லை.”

இப்போது தலையையும் முக்க வேண்டும். அவர் பயந்ததே அதற்குத்தான். வேண்டாம் என்றால் ஞானமலர் விட்டுவிடுவாள் என்பதும் தெரியும். அதுதான் அவரைச் சுட்டது. திரும்பவும் தாங்கிக்குள் இறங்கினார். சிலுவை போட்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு அமிழ்ந்தார்.

இருட்டு. தன் நெஞ்சு அடிக்கிற சத்தம். அவ்வளவுதான்.

இந்தமுறை தொண்ணூற்று நான்கு லீற்றர் பிடித்தது.

“லீற்றருக்கு ஒரு கிலோ கூட இல்லை” என்றாள் ஞானமலர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உப்புவெளிக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஞானமலர் அவரை மல்லாத்திப் பிடித்து, பிறகு கையை எடுத்தாள். கடல் பேணாட்டை ஏந்திக்கொண்டது. வயிறு மட்டும் குட்டித் தீவாய் வெயில் காய்ந்தது.

“சிரிப்புக் காட்டாதையும்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “காத்துப் போயிடும்.”

அவள் அந்த வயிற்றைப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். முடியவில்லை. அவளைக் கண்டு அவருக்கும் சிரிப்பு வெடித்தது. காற்றுப் போனது, தலை தண்ணீருக்குள் போனது. ஞானமலர் பதறிக் கை நீட்ட முன்னமே அவர் தானாகவே எழும்பி, உப்பைத் துப்பிக்கொண்டு நின்றார்.

“இன்னொருக்கால்” என்றார்.