நசுங்காத பெட்டிகள்

ஜவ்வாது மலையில் சின்னதம்பி தன் வீட்டின் ஓர் அறையில் சிறிய மாடல் ரயில்பாதை அமைத்து வந்தார். செய்த பெட்டிகளையெல்லாம் படமெடுத்து, ரயில் மாடல் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பெருமழைக்குப் பிறகு படம் எதுவும் வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை.

குழு நண்பர் ராஜவேலு போளூரிலிருந்து பஸ் ஏறிப் பார்க்கப் போனார். அந்த அறையின் மண்சுவர் சரிந்து கிடந்தது. சின்னதம்பி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்; மனைவி மாதம்மாவைக் காணோம்.

"இன்னா ஆச்சுங்க? வூட்ல அம்மா எங்க?"

"நான் சந்தைக்குப் போயிருந்தேங்க. கூரை ஒழுகுதுன்னு மாதம்மா ரயிலு மேல தார்ப்பாய் போட உள்ள போயிருக்கா. சுவரு அவ மேல வுழுந்துடுச்சி. உயிரு போயிடுச்சிங்க."

ராஜவேலு அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவர் விழாத பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் பெட்டிகள் நசுங்காமல் இருந்தன. சின்னதம்பி அவற்றைச் சாக்கில் போட்டு நீட்டினார்.

"எடுத்துனு போய்டுங்க. ஒடைக்கவும் மனசு வர்ல, பாக்கவும் முடியல."

மறுக்க முடியாமல் ராஜவேலு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் உட்கார்ந்து குழுவில் சாவுச் செய்தியைச் சொன்னார். ஆறுதல் சொல்லி எல்லோரும் எழுதினார்கள். அதைப் படிக்கச் சின்னதம்பி அங்கே இல்லை, குழுவிலிருந்து விலகியிருந்தார்.