டி டிரைவுக்குச் செக்குபந்தி

திருத்தணி,
திங்கட்கிழமை.

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று அனிதா வீட்டிலிருந்து நீங்கள் போனில் பேசியதற்கு நான் ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. போனில் ஆரம்பித்தால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன், அனிதா நடுவில் போனை வாங்கி "விடுங்க அண்ணி" என்பாள், விஷயம் அப்படியே கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மையார்குப்பத்துக்குத் தபால் இரண்டு நாளில் வந்துவிடும். எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன், நீங்களே படிக்கலாம்.

"ஒரு மிஷினுக்காகக் கூடப் பொறந்தவங்களப் பிரிச்சுட்டியே" என்றீர்கள். தன் எட்டு மாத வேலை தவறுதலாக அழிந்துபோனது என்றும், அதை மீட்க வழி இருந்தும் நான் கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பூட்டிவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன் என்றும் உங்கள் சின்ன மகன் திலீப் சொல்லியிருக்கிறான். டிஸ்க் என் பீரோவில்தான் இருக்கிறது, அது உண்மை. மீதியை வரிசையாகச் சொல்கிறேன். முடிவில் உங்களிடம் ஒரு உதவி கேட்பேன்.

அந்தக் கம்ப்யூட்டர் நான் வாங்கியது. ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் பத்திரம் எழுதும் சடகோபன் சாரிடம் பதினோரு வருஷமாக டைப் வேலை செய்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை எதுவானாலும் அவர் கையால் எழுதிக் கொடுப்பார். நான் வீட்டில் டைப் செய்து பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் பயன்படுத்தும் தமிழ் டைப்பிங் சாப்ட்வேர் பழசு. அதைச் செய்து விற்றவர் தொழிலையே விட்டுவிட்டார். விண்டோஸ் ஏழில் மட்டும்தான் அது ஓடும். புதிய விண்டோஸில் என் பத்திரங்களைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். பதினோரு வருஷத்தில் நான் அடித்த பத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பத்து வருஷம் முன்னால் எழுதிய கிரயத்துக்கு இன்று பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும் என்று ஒருவர் வந்தால், சார் என்னைத்தான் கூப்பிடுவார். அது போனால் என் வேலை போயிற்று. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டும்.

இரண்டு வருஷம் முன்னால் திலீப் கல்யாண வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்தான். வாரத்தில் ஐந்து நாள் மெட்ராஸில் வேலை, சனி ஞாயிறு வீட்டில் இது. நம் ஊரில் முகூர்த்த நாள் வந்தால் மலைமேல் எத்தனை கல்யாணம் என்று உங்களுக்கே தெரியும். அந்த எடிட்டிங் சாப்ட்வேருக்கு விண்டோஸ் பத்து வேண்டுமாம். எனக்கோ ஏழு வேண்டும். ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் போடலாம் என்று அவன்தான் சொன்னான். "பாகம் பிரிக்கிற மாதிரிதான் அண்ணி. உங்க வீட்டுல நீங்க, என் வீட்டுல நான்." நானும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது நான்தான், அதை மறைக்கவில்லை.

அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் ஒரு கேள்வி வரும், ஏழா பத்தா என்று. முப்பது விநாடிக்குள் நான் ஏழைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அதுவாகவே அவன் பக்கம் போய்விடும். ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பாலை இறக்க அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் பக்கம் திறந்திருக்கும். மறுபடி அணைத்து, மறுபடி போட வேண்டும். இதை மாற்று என்று மூன்று தடவை கேட்டேன். "ஒரு தட்டு தட்டுறதுதானே அண்ணி" என்றான். அந்த ஒரு தட்டை அவன் ஏன் தட்டக்கூடாது என்று நானும் கேட்கவில்லை.

இனி வருவதுதான் முக்கியம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எழுத்துதான் பெயர். எந்தப் பக்கத்தைத் திறந்து உட்காருகிறோமோ அது தன்னை "சி" என்று சொல்லிக்கொள்ளும், எதிர்ப் பக்கத்தை "டி" என்று சொல்லும். நான் ஏழைத் திறந்தால் என்னுடையது சி, திலீப்புடையது டி. அவன் பத்தைத் திறந்தால் அவனுடையது சி, என்னுடையது டி. நம் பழைய வீட்டின் நடுச்சுவர் மாதிரி. உங்களுக்கு அது வடக்குச் சுவர், சின்ன மாமா வீட்டில் அதையே தெற்குச் சுவர் என்பார்கள்.

பத்திரத்தில் இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் நாலு எல்லையும் எழுதுகிறோம். இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்ன தெருவுக்குத் தெற்கு, இதன் மத்தியில் என்று. செக்குபந்தி என்போம். எனக்குக் கை வந்த வேலை அது. அதனால் இந்த டிஸ்க்குக்கும் ஒரு செக்குபந்தி அடித்து, காலண்டருக்குக் கீழே சுவரில் ஒட்டினேன். "விண்டோஸ் ஏழில் இருந்து பார்க்க: சி ஹேமாவதி, டி திலீப். விண்டோஸ் பத்தில் இருந்து பார்க்க: சி திலீப், டி ஹேமாவதி." திலீப் அதைப் போட்டோ எடுத்து, எங்க அண்ணி கம்ப்யூட்டரையே ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க என்று ஸ்டேட்டஸில் போட்டான். அனிதாகூடச் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஒருத்தராவது படித்திருக்கலாம்.

போன மாசம் சாப்பிடும்போது, தன் பக்கம் நிரம்பிவிட்டது, என் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். முடியாது என்றேன். பார்க்கலாம் என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. முடியாது என்றேன். உங்கள் பெரிய மகனும் அப்போது சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

போன புதன்கிழமை இவருக்கு டிப்போவில் லீவு. காலையில் நான் ஏழைத் திறந்து ஒரு தானப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தேன். புதன்தோறும் நான் பத்திரங்களைக் கொண்டுபோகிற நாள்தான், அன்று சார் சீக்கிரமே கூப்பிட்டார், பார்ட்டி வந்துவிட்டார்கள், இருக்கிறதைக் கொண்டு வா என்று. கம்ப்யூட்டரை அணைக்காமல் அப்படியே போனேன். மத்தியானம் திரும்பி வந்தபோது, திலீப் போன் பண்ணினான், சொன்னதைச் செய்தேன், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணியாச்சு என்றார் இவர். நான் உட்கார்ந்து பார்த்தேன். என் பத்திரங்கள் இருந்தன. விட்டதை அடித்து முடித்தேன். அடுத்த இரண்டு நாளும் என் பக்கத்தில்தான் வேலை செய்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் திலீப் வந்தான். பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டான். முப்பது விநாடி ஆனதும் அது அவன் பக்கம் போயிற்று. நீலத் திரை வந்தது. மறுபடி போட்டான், மறுபடி நீலம். பிறகு என் பக்கத்தைத் திறந்து பார்த்தான். டி காலியாக இருந்தது. யார் இதைத் தொட்டது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் சுவருக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தார்.

இவர் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தார். "நீதானடா புதன்கிழமை சொன்ன. கம்ப்யூட்டர் ஆன்லதான் கீதுன்னேன். டி-யை அழி, எது கேட்டாலும் ஓகே குடுத்துகினே போன்ன. குடுத்தேன்."

"டி-ன்னா அண்ணியோடதுண்ணா."

அத்தை, இதை அவனே சொன்னான். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தான்.

அவனுக்கு எப்போதும் அவன் பக்கம்தான் திறந்திருக்கும். அங்கே இருந்து பார்த்தால் டி நான். கம்ப்யூட்டர் ஏற்கெனவே என் பக்கம் திறந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதனால் அண்ணனை விட்டு என் பாகத்தை அழிக்கப்போய், தன் பாகத்தை அழித்துக்கொண்டான். நான் வெளியே போகிற நாளும் இவர் லீவில் இருக்கிற நாளும் புதன்கிழமை என்பது அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை வந்து அவனே செய்திருந்தால் நான் பக்கத்தில் இருந்திருப்பேன்.

என்னோடதை அழிக்கச் சொன்னியா என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதி முடிந்திருக்கும். பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு கிடையாது என்றான், இப்போதெல்லாம் வாயால் சொன்னாலே தமிழில் டைப் ஆகிறது என்றான், என் நல்லதுக்குத்தான் என்றான். கடைசியில், "கேட்டா ஒத்துக்க மாட்டீங்க, அதான்" என்றான். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். தெரிந்ததால்தான் செய்தேன் என்கிறவனை என்ன செய்வது?

"சரி விடுங்க அண்ணி, தப்பா நடந்துபோச்சு."

"தப்பா எதுவும் நடக்கல திலீப். நீ நெனச்சது நெனச்ச மாதிரி நடந்திருந்தா அதுதான் தப்பு."

பிறகு இவரைக் கேட்டேன். ஓகே ஓகே என்று கொடுத்தீர்களே, யாருடையது அழிகிறது என்று நினைத்துக் கொடுத்தீர்கள் என்று. "பழசுதானேன்னு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். பதினாறு வருஷம் குடித்தனம் செய்த மனிதர். தம்பி மேல் எனக்கு வந்த கோபம் ஒரு பங்கு என்றால் அந்தச் சொம்பு மேல் வந்தது இரண்டு பங்கு.

அப்புறம் திலீப் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் நவீன்குமாருக்குப் போன் செய்தான். அழிந்ததில் முக்கால்வாசி திரும்பி வரும், அந்தப் பாகத்தில் எதுவும் புதிதாக எழுதாமல் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டு வா என்று அவர் சொல்லியிருக்கிறார். உடனே திலீப் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறக்க உட்கார்ந்தான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவன் விழுந்த பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் என் பதினோரு வருஷமும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அவன் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான். நான் பெட்டி மேல் கையை வைத்தேன். கையை எடுங்க என்றான். எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பி அனிதா வீட்டுக்கு வந்தான். உங்களுக்கு அவன் சொன்ன கதை அங்கேதான் ஆரம்பம்.

அன்று சாயங்காலமே என் பத்திரங்கள் எல்லாவற்றையும் வெளியில் வைக்கிற ஒரு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டேன். அவன் பாகத்தை நான் தொடவில்லை. நான் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்தது அதற்குப் பிறகுதான்.

செவ்வாய்க்கிழமை.

நேற்று இதோடு முடித்துக் கவரை ஒட்டலாம் என்றிருந்தேன். நேற்று லீவு போட்டிருந்த திலீப்பே, இன்று காலை வேலைக்குப் போகிற ரயிலிலிருந்து போன் செய்தான். சாரி என்றான். எதற்கு என்றேன். நடந்ததுக்கு என்றான். என்ன நடந்தது என்றேன்.

"இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம். ஆளுங்க இருக்காங்க, அரக்கோணம் வந்துகினு இருக்குது."

"இறங்கிச் சொல்லு."

வைத்துவிட்டான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. "அண்ணியோடத அழிக்கச் சொன்னேன்" என்று அவன் உங்களிடம் சொல்ல வேண்டும். தவறுதலாக என்ற வார்த்தை இல்லாமல் சொல்ல வேண்டும். சொன்ன அன்றைக்கே டிஸ்க்கை நானே நவீன்குமார் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் வேலை அவனுக்குக் கிடைக்கட்டும், எட்டு மாதம் உட்கார்ந்து செய்தான், அதையும் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் ஏழு மட்டும்தான் இருக்கும், போட்டதும் என் பக்கம்தான் திறக்கும். அவன் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.

மாமாவும் சின்ன மாமாவும் வீட்டைப் பிரித்தபோது உங்கள் தறி நின்ற இடம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். காபி போட்டுக்கொண்டு வா என்றார்கள், நான் போட்டுக்கொண்டு போய் வைத்தபோது பத்திரத்தில் மை காய்ந்துகொண்டிருந்தது என்றீர்கள். இன்று அந்த இடத்தில் சின்ன மாமா வீட்டுப் பாத்ரூம் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போனால் இன்றுவரை நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைத் திட்டியது அதே அத்தைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நான் கேட்கும் உதவி இதுதான். வெள்ளிக்கிழமை திலீப் உங்களுக்குப் போன் செய்வான், எப்போதும் செய்கிறவன்தான். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேளுங்கள்: டி-ன்னா யாரோடது? அவனுக்குப் புரியும். என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

மூட்டு வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், அனிதா வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மருமகள்,
ஹேமாவதி