மொரீஸ் வீட்டுப் பட்டாளம்

மாதாகோயில் வீதியில் வந்து மொரீஸ் வீடு எது என்று கேட்டால் எல்லோரும் யோசிப்பார்கள். சொல்தா மொரீஸ், அதாவது சிப்பாய் மொரீஸ், என்று கேட்டால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சைகோனையும் அல்ஜீரியாவையும் பார்த்துவிட்டுப் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர் அவர். திரும்பி இருபது வருஷமாகியும் போர்முனை அவர் வாயை விட்டு இறங்கவில்லை. காதருகே குண்டு போனால் என்ன சத்தம் கேட்கும், ஆற்றைக் கடக்கும்போது துப்பாக்கியை எப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் தெருவில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் அவர் மனைவி தெரேஸ் மட்டும் உள்ளே ஏதோ வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவார்.

1986 ஜூலையில் மகள் ஷந்தாலும் மருமகன் சவியேயும் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தார்கள். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கம்ப்யூட்டரையும், அதற்கென்று ஒரு சின்னத் திரையையும், டேப் ரிக்கார்டரையும் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சவியே ஒரு கேசட்டைப் போட்டார். பாட்டு வரும் என்று காத்திருந்த மொரீஸுக்குப் பத்து நிமிஷம் கீச்சுக் கீச்சென்று இரைச்சல்தான் கேட்டது. பிறகு திரையில் ஒரு பாலம், ஒரு மலை, மலையுச்சியில் ஒரு கோட்டை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நகத்தளவுக்கு ஆறு சிப்பாய்கள்.

அந்த ஆறு பேரையும் நடத்திக்கொண்டு போய்க் கோட்டையைப் பிடிக்க வேண்டும். சதுரங்கம் மாதிரி நாம் நகர்த்தி முடித்த பிறகுதான் எதிரி நகர்வான். சிப்பாய்களுக்குப் பெயர் வைப்பது ஆடுகிறவர் பொறுப்பு. பலம், தைரியம், குறி, வைத்தியம் என்று இருபதுக்கு இத்தனை என மதிப்பெண் போடுவது மிஷின் பொறுப்பு. செத்தவன் செத்தவன்தான், அடுத்த சண்டைக்கு வரமாட்டான்.

மகளும் மருமகனும் பிரான்சுக்குத் திரும்பிய மறுநாளே மொரீஸ் தனியாக உட்கார்ந்தார். பெயர் கேட்டது மிஷின். அக்கம்பக்கத்தாரை விட்டால் வேறு யாரைத் தெரியும்? மாடியில் குடியிருந்த பொதுப்பணித்துறை கிளார்க் சுவாமிநாதன், எதிரே மருந்துக்கடை வைத்திருந்த வைத்தியலிங்கம், பக்கத்து வீட்டு ஆஸியா பீவி, நெரவியிலிருந்து பால் கொண்டுவரும் கருப்பையன், தெரேஸ், கடைசியாகத் தன் பெயர் என்று ஆறையும் அடித்தார். அடித்துவிட்டு, அணிவகுப்பில் போகிற மாதிரி ஆறு பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பாலத்தின் மேல் ஏற்றினார்.

அன்று சனிக்கிழமை. அரைநாள் ஆபீஸ் முடிந்து வியர்த்துப்போய் உள்ளே நுழைந்த சுவாமிநாதன் காதில், மொரீஸ் திரையைப் பார்த்துப் பிரெஞ்சில் உரக்கப் படித்தது விழுந்தது.

"சுவாமிநாதன் ஏ மோர்."

சுவாமிநாதன் மன்னார்குடிக்காரர். காரைக்காலுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. "மோரா சார்? இந்த வெயிலுக்கு நல்லதுதான். உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியா போடச் சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தெரேஸ் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பாதி குடிப்பதற்குள் திரையில் அடுத்த வரி வந்தது. பழக்க தோஷம், மொரீஸ் அதையும் படித்துவிட்டார். வைத்தியலிங்கம் ஏ மோர்.

"அவருக்குமா? அவர் இன்னும் வரலையே" என்றார் சுவாமிநாதன்.

அந்த நேரம் பார்த்து ஆஸியா பீவி வந்தார். அவருடைய வாப்பா சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். சின்ன வயசில் அங்கே கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர் அவர். திரையைப் பார்த்தார், கையில் டம்ளரோடு இருந்த சுவாமிநாதனைப் பார்த்தார்.

"சார், அது நீங்க குடிக்கிற மோர் இல்லை. பிரெஞ்சுல மோர்னா மவுத்து. நீங்க இறந்துட்டீங்கன்னு எழுதியிருக்கு."

இதை சுவாமிநாதன் சிரித்துக்கொண்டேதான் மாடிக்குப் போய்ச் சொன்னார். அவர் மனைவி ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. கணவருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. போதாததற்கு நாளும் சனிக்கிழமை. அடுத்த பஸ்ஸில் திருநள்ளாறு போய் எள் விளக்குப் போட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு நேரே மொரீஸ் முன்னால் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் மொரீஸுக்குப் பயமாக இருந்தது.

"போன உயிரை அந்த மிஷின்லயே கொண்டாந்து காட்டுங்க. என் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்."

மொரீஸ் மறுபடி கேசட்டைப் போட்டார். பத்து நிமிஷ இரைச்சலையும் ஞானசௌந்தரி மந்திரம் கேட்கிற மாதிரி கைகட்டிக் கேட்டார். மறுபடி அதே ஆறு பெயர்கள். இந்தத் தடவை சுவாமிநாதனுக்குத் தைரியம் மூன்று என்று மிஷின் போட்டது. எதிரியின் முதல் வெடி கேட்டதுமே அந்தச் சிப்பாய் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். ஞானசௌந்தரியின் முகம் தெளிந்தது.

"அவரேதான்" என்றார்.

அந்த ஆறு பேரையும் அவர்களுடைய மதிப்பெண்களோடு மொரீஸ் வேறொரு டேப்பில் பதிவு பண்ணி வைத்தார். அதிலிருந்து சாயங்காலம் நாலு மணி ஆனால் மொரீஸ் வீட்டு ஹாலில் நாற்காலி கிடைக்காது. ஆஸியா பீவிக்குக் குறி பத்தொன்பது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து பட்டினச்சேரி மீன்காரியிடம் அவர் பேரம் பேசும் குரலே மாறிவிட்டதாகத் தெருவில் சொன்னார்கள். இரண்டு கிலோ மருந்துப் பெட்டியை நகர்த்த ஆள் தேடும் வைத்தியலிங்கத்துக்குப் பலம் பதினெட்டு. கருப்பையனுக்கு நான்கு. அவர் அதைக் கேட்டுவிட்டு, நிறைந்த பால்கேனை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

மொரீஸுக்குத்தான் நிம்மதி போயிற்று. வெறும் பொம்மைகளாக இருந்தால் யாரையும் எங்கேயும் தள்ளலாம். இங்கே வைத்தியலிங்கத்தை ஒரு கட்டம் முன்னால் வைத்தால், முதுகுக்குப் பின்னாலிருந்து வைத்தியலிங்கம், "ஏன் முசே, நான்தான் கிடைச்சேனா?" என்கிறார். அவரைப் பின்னால் இழுத்தால் ஆஸியா பீவி தனியாக மாட்டிக்கொள்கிறார். அவரைக் காப்பாற்றப் போனால் தெரேஸுக்கு அடிபடுகிறது. வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவும் மறந்து, மொரீஸ் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். அப்படியும் மூன்று தடவை பாலத்திலேயே எல்லோரும் முடிந்துபோனார்கள்.

மூன்றாவது தடவை முடிந்ததும் ஆஸியா பீவி மெதுவாகக் கேட்டார்.

"முசே, தப்பா நினைக்காதீங்க. நீங்க நெசமாவே சண்டையில இருந்தீங்களா?"

மொரீஸ் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தெரேஸ் பதில் சொன்னார். புருஷனை யாரும் குறைவாகப் பேசிவிடக் கூடாது என்றுதான் சொன்னார்.

"பட்டாளத்துல அவருக்குக் குசினி வேலைங்க. இருநூறு பேருக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டிருக்காரு. ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. வைத்தியலிங்கம் கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்தார். மொரீஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

ஒரு வாரம் அவர் அந்த மிஷின் பக்கமே போகவில்லை. ஆனால் நாலு மணிக்கு அவருடைய நாற்காலியில் தெரேஸ் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆஸியா பீவி, இன்னொரு பக்கத்தில் ஞானசௌந்தரி. தெரேஸுக்கு அவசரமே இல்லை. ஆஸியா பீவியைக் கரையிலேயே குறிபார்த்து நிற்கவைத்துவிட்டு, மற்றவர்களை ஒருவர் ஒருவராகக் கடத்தினார். சண்டை ஓயும்வரை சுவாமிநாதனை அடிபட்டவர்களோடு பாறைக்குப் பின்னாலேயே விட்டார். ஓடுகிறவரைத் துரத்திப் பிடித்து முன்னால் நிறுத்துவதில் என்ன லாபம் என்று கேட்டார். பக்கத்து அறையில் பேப்பர் படிப்பதுபோல் இருந்த மொரீஸ், மூன்றாம் நாள் அவர்கள் பாலத்தைத் தாண்டிவிட்டுக் கைதட்டிய சத்தத்தைக் கேட்டார். அன்று பேப்பரில் ஒரு வரியும் அவர் மண்டையில் ஏறவில்லை.

மலையில்தான் சிக்கல் வந்தது. பாதி வழியில் சாப்பாடு தீர்ந்து, கருப்பையன் பசியில் விழுந்துவிட்டான். மூவரும் முந்தைய நாள் பதிவு பண்ணி வைத்த டேப்பிலிருந்து மறுபடி ஏறினார்கள், மறுபடி விழுந்தான். தெரேஸ் எழுந்து பக்கத்து அறைக்கு வந்தார்.

"பதினோரு நாள் வழி. ஆறு பேர். முப்பது பொட்டலம் ரொட்டிதான் இருக்கு. எப்படிப் பங்கு போடுறது?"

மொரீஸ் பேப்பரை மடிக்கவில்லை. "சுமை எவ்வளவு?" என்றார்.

தெரேஸ் சொன்னார். மொரீஸ் பேப்பரின் ஓரத்திலேயே பென்சிலால் எழுத ஆரம்பித்தார். பிறகு அவராகவே எழுந்து ஹாலுக்கு வந்தார்.

"ஏறுற நாள்ல சுமக்கிறவனுக்கு முழுசு. குறிபார்க்கிறவங்களுக்குப் பாதி, ஆனா ஒரு நாளும் விடக் கூடாது, கை நடுங்கிடும். தங்குற நாள்ல எல்லாருக்கும் கால். கமாண்டருக்குக் கடைசியில மிஞ்சினா."

"மிஞ்சலைன்னா?" என்று ஞானசௌந்தரி கேட்டார்.

"கமாண்டர் தண்ணி குடிப்பார்."

பதினோராம் நாள் ஆறு பேரும் உயிரோடு கோட்டை வாசலில் நின்றார்கள். ஒரு பொட்டலம் மிச்சமும் இருந்தது. ஆஸியா பீவி அன்றைக்கு வீட்டிலிருந்து முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்ட வட்டலப்பம் அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகு மொரீஸிடம் யாரும் குண்டு சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சைகோனில் இருநூறு பேருக்குச் சோறு வடிக்க எத்தனை பெரிய பானை வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அவர் சொன்னார். அந்தப் பேச்சின்போது தெரேஸும் கூடவே உட்கார்ந்திருந்தார்.

கோட்டைக் கதவுக்கு ஒரு சக்கரம் இருந்தது. ஒருவர் வெளியே நின்று அதைப் பிடித்துக்கொண்டால்தான் மற்ற ஐந்து பேர் உள்ளே ஓட முடியும். பிறகு கதவு விழுந்துவிடும், வெளியே நிற்பவர் எதிரிகளுக்கு நடுவே தனி. யார் நிற்பது? வைத்தியலிங்கம் கருப்பையன் பெயரைச் சொன்னார், மறுத்துப் பேச அவர்தான் ஹாலில் இல்லை. ஆபீஸ் விட்டு வந்திருந்த சுவாமிநாதன் திடீரென்று எழுந்து, தான் நிற்பதாகச் சொன்னார். ஞானசௌந்தரி உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மொரீஸ் யாரையும் கேட்காமல் விசையைத் தட்டி, திரையிலிருந்த மொரீஸைச் சக்கரத்தில் நிறுத்தினார்.

கோட்டை பிடிபட்டது. கொடி ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். கொடிக்குக் கீழே சின்ன எழுத்தில் வந்த வரியை யாரும் உரக்கப் படிக்கவில்லை. தெரேஸ் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை காப்பி டம்ளரை வைக்கும்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"விளையாட்டுதானே, தெரேஸ்."

"கல்யாணம் பண்ணி ஒம்பது வருஷம், நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு இந்த வீட்டுல உக்காந்திருந்தேன். அப்பவும் கேக்கலை."

சொல்லிவிட்டு, கோட்டை வாசலில் நிறுத்திப் பதிவு பண்ணியிருந்த டேப்பைப் போட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தார். பத்து மணிக்கும் எழுந்திருக்கவில்லை, பன்னிரண்டு மணிக்கும் எழுந்திருக்கவில்லை. மொரீஸ் தாமாகவே குசினிக்குப் போய், உலை வைத்து, கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்து, மூடிவிட்டுக் காத்திருந்தார். மூன்றரை மணிக்குத்தான் தெரேஸ் கூப்பிட்டார்.

திரையில் ஆறு பேரும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். கோட்டை வாசலிலிருந்து திரும்பி, மலையில் காய்கனியும் முயலும் தேடித் தேடி, அத்தனை பேரையும் ஏறிய வழியிலேயே இறக்கிக் கூட்டிவந்திருந்தார். என்ன செய்வதென்று மிஷினுக்கே புரியவில்லை போலிருக்கிறது. பணி கைவிடப்பட்டது என்று ஒரு வரி போட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

"திரும்பி வர்றதுக்குப் பங்கு யாருக்கு எப்படிப் போட்டே?" என்று மொரீஸ் கேட்டார்.

"எல்லாருக்கும் சமமா."

அது முறையில்லை என்று சொல்ல வந்த மொரீஸ் அப்படியே குசினிக்குத் திரும்பினார். ஆறிப்போன குழம்பை மறுபடி அடுப்பில் வைத்தார். நாலு மணிக்கு வந்த ஞானசௌந்தரி விஷயத்தைக் கேட்டு நிம்மதியாக மாடிக்குப் போனார். கோட்டை வரைக்கும் போய்விட்டு யாராவது திரும்புவார்களா என்று வைத்தியலிங்கம் மட்டும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு மாசம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.