வரைபடம் அணைந்த மதியம்

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கதவு நிலையில் தலை தட்டும் உயரம் அவளுக்கு. ஆனால் அவளுடைய அண்ணி அங்கே முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டுப் பெயரை முதல் நாளே நாலு பேர் காதில் விழும்படி கூப்பிட்டுத் தொலைத்தாள். அது ஒட்டிக்கொண்டது.

அண்ணிக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் வேலை. போன் வந்தால் எடுத்து, எங்கே, யாருக்கு, என்ன ஆச்சு என்று கேட்டு, திரையில் இருக்கும் வரைபடத்தில் பக்கத்து வண்டி எது என்று பார்த்து அனுப்ப வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் குட்டி. அந்த வரைபடம் அணையாமல் பார்த்துக்கொள்வது அவள் பாடு.

வரைபடத்தை ஓட்டும் மென்பொருள் துண்டு துண்டாகக் கன்டெய்னர்களில் இருந்தது. ஒவ்வொரு துண்டையும் அதற்கு வேண்டியதோடு சேர்த்துக் கட்டிய மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டைகளைச் சுமக்கும் கணினிக்கு ஹோஸ்ட் என்று பெயர். அப்படி இரண்டு ஹோஸ்ட்கள். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும்.

இனிமேல் புது ஹோஸ்ட்களை ஒரே கட்டளையில் தயார் செய்ய ஒரு மென்பொருள் கருவி வந்திருந்தது. அதை நிறுவி, பழைய இரண்டையும் அதன் கைக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மேனேஜர். அவருக்கு ஆபீசில் வைத்த பெயர் அவசரம். தண்ணீர் குடிக்கப் போனாலும் அவசரம் என்பார்.

குட்டி காலையிலேயே கருவியை நிறுவிவிட்டாள். ஹோஸ்ட்களுக்குள் நுழையச் சாவிகளைக் கொடுத்தாள், அவற்றின் முகவரிகளை எழுதினாள். சும்மா கிடந்த ஒரு கணினியை அதில் சேர்த்துப் பார்த்தாள். ஏதேதோ வரிகள் ஓடி, கடைசியில் தயார் என்று வந்தது. ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும், அந்தக் கணினியில்தான் ஒன்றுமே ஓடவில்லையே, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று ஓர் எண்ணம் வந்து போனது. அதைப் பிடித்து நிறுத்தி யோசிப்பதற்குள் மேனேஜர் வந்து பின்னால் நின்றார்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"டெஸ்ட் மெஷின் முடிஞ்சுது சார். இப்ப முதல் ஹோஸ்ட்டை மட்டும் சேர்க்கிறேன். நாளைக்கு அடுத்தது."

"சேர்க்கறதுதானே, என்ன பெரிய ஆபரேஷனா? ரெண்டையும் ஒண்ணா விட்டுடு. அவசரம்."

வேண்டாம் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனாலும் இரண்டு முகவரிகளையும் கொடுத்துத் தட்டினாள்.

வரிகள் ஓடின. ஹோஸ்ட்டுக்குள் நுழைகிறது, புதுச் சான்றிதழ் போடுகிறது, அமைப்புக் கோப்பை எழுதுகிறது. அதற்கு அடுத்த வரியைப் படித்தபோது குட்டியின் கை அந்தரத்தில் நின்றது. மூட்டைகளை ஓட்டும் கன்டெய்னர் இயந்திரத்தை மறுபடி தொடங்குகிறது. மறுபடி தொடங்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்த வேண்டும். இரண்டு இடத்திலும். ஒரே நேரத்தில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரைபடம் அணைந்தது.

"ஏ குட்டி! எல்லாம் வெள்ளையாப் போச்சு!" அண்ணியின் குரல் தடுப்பைத் தாண்டி வந்தது. அதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"சொல்லுங்கம்மா... விழுந்துட்டாரா? மூச்சு வருதான்னு பாருங்க. அழாதீங்க, நெஞ்சு ஏறி எறங்குதா?"

குட்டி விசைப்பலகையை இழுத்தாள். பதறாதே, நின்றுபோனதைத் தொடங்கினால் ஆயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் ஹோஸ்ட்டுக்குள் போனாள். இருக்கிற கன்டெய்னர்களைக் காட்டு, நின்றுபோனவற்றையும் சேர்த்து என்று கேட்டாள்.

தலைப்பு வரி மட்டும் வந்தது. கீழே ஒன்றும் இல்லை.

மறுபடி கேட்டாள். இல்லை. இரண்டாவது ஹோஸ்ட்டிலும் துடைத்து வைத்த மாதிரி காலி. அழித்துவிட்டேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு வார்த்தை மனசில் இல்லை. மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் வாயில் அவசரம் என்ற சொல் வரவில்லை.

"பேக்கப் இருக்குல்ல?" என்றார், குரல் இறங்கி.

"இருக்கு சார். அதைக் கொண்டுவர்றதுக்குள்ள சாயந்திரம் ஆயிடும்."

அந்தப் பக்கம் அண்ணி ஒரு காதில் அழுகிற அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, தன் கைபேசியில் டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க எங்க இருக்கீங்க? மேம்பாலத்துக்கு அந்தாண்டயா? சரி வைங்க... அண்ணே, நீங்க?" நடுநடுவே மற்றக் காதில் இருந்த பெண்ணிடம், "நெஞ்சை அமுக்குங்கம்மா, ரெண்டு கையாலயும். நிறுத்தாதீங்க, நான் இருக்கேன்."

யார் வீட்டு மனிதரோ. குட்டிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கேள்வி முளைத்தது. அழித்திருந்தால் கணினியின் வன்வட்டில் இடம் காலியாகியிருக்க வேண்டுமே?

பார்த்தாள். வட்டு முன்பு போலவே நிறைந்திருந்தது.

அப்படியானால் எதுவும் போகவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கருவி எழுதிவைத்த அமைப்பைத் திறந்தாள். கன்டெய்னர்களைச் சேமிக்கும் முறையை அது தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தது. இயந்திரம் இப்போது வேறொரு காலி அறையில் போய்த் தேடிக்கொண்டிருந்தது. மூட்டைகளெல்லாம் பழைய அறையில் பத்திரமாகக் கிடந்தன.

இயந்திரம் பழைய அறைக்கே திரும்பட்டும் என்று கருவியின் அமைப்பை ஓரமாக எடுத்து வைத்தாள். நிச்சயமாகத் தெரியுமா என்று மனசு கேட்டது. தெரியாது. இதுவும் தப்பானால் மிச்சம் இருப்பதும் போகலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்தை மறுபடி தொடங்கினாள்.

கேட்டாள். மூட்டைகள் வந்தன. வரிசையாக, நின்றுபோன நிலையில், ஒன்று குறையாமல். முதலில் தரவுத்தளம், அப்புறம் வரைபடம், அப்புறம் அழைப்புத் திரை என்று எழுப்பினாள். ஒரு தடவை பெயரைத் தப்பாக அடித்தாள். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருக்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

"வந்துடுச்சு!" என்றாள் அண்ணி, திரும்பிப் பார்க்காமலே. அவள் பேசிப் பிடித்த வண்டி அதற்குள் கிளம்பியிருந்தது. வரைபடத்தில் அந்தப் புள்ளி ஒரு திருப்பத்தில் நகராமல் நின்றபோது குட்டியும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். பிறகு அது நகர்ந்தது.

ஆள் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக டிரைவர் சொன்னதை அண்ணி வந்து சொல்லும்போது, குட்டி இரண்டாவது ஹோஸ்ட்டையும் எழுப்பி முடித்துவிட்டு, வெறுமனே விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தாள்.

"நாந்தான் அண்ணி. ரெண்டையும் ஒண்ணா விட்டேன்."

"நான் சொல்லித்தான் விட்டா," என்றார் மேனேஜர். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பார்வைக்கே அவர் இரண்டடி தள்ளி நின்றார்.

"அந்தப் பொம்பளை போனை வைக்கிறப்ப தேங்க்ஸ்னு சொன்னாடி," என்றாள் அண்ணி. "இங்க நடந்தது அவளுக்கு எங்க தெரியும்."

மறுவாரம் குட்டி கருவியில் சேமிப்பு முறையைச் சரியாக எழுதினாள். சும்மா கிடந்த கணினியில் வேண்டுமென்றே நாலு கன்டெய்னர்களை ஓடவிட்டுச் சோதித்தாள். பிறகு முதல் ஹோஸ்ட்டின் பாரத்தை இரண்டாவதற்கு மாற்றி, முதலாவது முழுக்கக் காலியான பின் அதைச் சேர்த்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனாலும் மறுபடி தொடங்குகிறது என்ற அந்த வரி வந்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.